கரும்பு வயலில் அன்னாசி வாசனை

கடலூரிலிருந்து பண்ருட்டி போகும் பேருந்தில் மேல்பட்டாம்பாக்கத்துக்கு 16 ரூபாய் டிக்கெட். நெல்லிக்குப்பத்தில் ஆலைக்குப் போகிற கரும்பு டிராக்டர்கள் சாலையோரம் நெடுக நின்றதால் பேருந்து ஊர்ந்துதான் போனது. ஜன்னல் வழியாக மொலாசஸ் வாடை வந்துகொண்டே இருந்தது. இந்த வட்டாரத்தில் கரும்பைப் பற்றித் தெரியாதவர் யாருமில்லை. அதனால் ஒரு வயல் முளைக்கவில்லை என்றால் ஆளுக்கொரு காரணம் கைவசம் வைத்திருக்கிறார்கள். பேருந்தை விட்டு இறங்கி டீக்கடை தாண்டுவதற்குள் என் காதில் விழுந்தவை: விதைக் கரும்பு சரியில்லை. கரையான் தின்றுவிட்டது. வெள்ளத்தோடு வந்த வண்டலில் ஏதோ கோளாறு. நட்ட நாள் கரிநாள். கடைசிக் காரணத்தைச் சொன்னவர் ரொம்ப உறுதியாகச் சொன்னார்.

டீ 12 ரூபாய். குடித்துவிட்டு வடக்கே, பெண்ணையாற்றுப் பக்கம் போகும் மண் பாதையில் நடந்தேன். இரண்டு கிலோமீட்டருக்குக் குறையாது. 2024 டிசம்பர் முதல் வாரம் ஃபெஞ்சல் புயல் மழையில் ஆறு கரை மீறியதன் அடையாளம் இன்னும் அப்படியே இருந்தது. வேலிக் கருவேல முள்ளில் ஆளுயரத்துக்குப் பிளாஸ்டிக் பையும் வைக்கோலும் மாட்டிக்கொண்டு தொங்கின. பாதையின் இரு பக்கமும் வண்டல் காய்ந்து பாளம் பாளமாக வெடித்திருந்தது. மேலே கால் வைத்தால் உறுதி. ஒரு விரற்கடைக்குக் கீழே இன்னும் ஈரம்.

நான் பார்க்க வந்தது முளைக்காத ஒரு கரும்பு வயலை. வயல்காரர் வரப்பில் காத்துக்கொண்டிருந்தார். ஐம்பது வயது இருக்கும். “நீங்களே பாருங்க சார், நான் ஒண்ணும் சொல்லல” என்றார். சொன்னபடி சும்மா இருக்கவில்லை, சொல்லிக்கொண்டேதான் வந்தார். இருந்தாலும் நான் முதலில் வரப்பைச் சுற்றி ஒரு நடை நடந்து பார்த்தேன்.

வயல் ஒரு ஏக்கர் 20 சென்ட். மேற்குப் பக்கம் கொஞ்சம் மேடு, கிழக்கே சரிந்து போய்ப் பள்ளத்தில் முடிகிறது. அதிக உயர வித்தியாசமில்லை, முழங்கால் அளவுதான். மேட்டுப் பக்கம் சால்களில் கரும்பு அரை அடி, முக்கால் அடி உயரத்துக்குக் குருத்து விட்டுப் பச்சையாக நிற்கிறது. கிழக்கே போகப் போகக் குருத்துகள் அருகி, கடைசி 45 சென்ட் கிட்டத்தட்ட வெறும் சால். மேட்டில் ஒரு சாலில் பத்தடி அளந்து எண்ணினேன்: 22 முளை. பள்ளத்தில் அதே பத்தடியில் 3. அந்த மூன்றில் ஒன்று மஞ்சளடித்துச் சாய்ந்திருந்தது. நட்டு ஒரு மாதம் நெருங்குகிறது. கரணை, அதாவது விதைக்காக வெட்டிய கரும்புத் துண்டு, எட்டுப் பத்து நாளில் முளைக்கத் தொடங்கி ஐந்து வாரத்துக்குள் முடித்துவிடும். இனிமேல் பள்ளத்தில் வருவது சொற்பம்தான்.

“ரெண்டு பக்கமும் ஒரே கரும்பா அண்ணே?”

“ஒரே வயல்ல வெட்டினது சார். கோ 86032. எட்டு மாசக் கரும்பு. டன் 3,500 கொடுத்து வாங்கினேன்.”

விதை சரியில்லை என்ற காரணம் எனக்கு அங்கேயே தளர்ந்துவிட்டது. விதை கெட்டதென்றால் மேட்டிலும் கெட்டிருக்க வேண்டும். சரி, தோண்டிப் பார்த்துவிடலாம் என்று களைக்கொத்தியை வாங்கிக்கொண்டேன்.

முதலில் மேட்டில் ஒரு கரணை. மண்ணை விலக்கியதும் கணுவைச் சுற்றி வெள்ளை வேர்கள் நூல் நூலாக இறங்கியிருந்தன. பரு வெடித்துக் குருத்தாகி மேலே போயிருக்கிறது. அரிவாளால் நீளவாக்கில் பிளந்தேன். உள்ளே சோறு வெளுப்பாக, கொஞ்சம் சாறு வற்றி, ஆனால் நல்ல நிலையில். வெட்டு வாயில் மட்டும் அரை அங்குலத்துக்குப் பழுப்பு.

பிறகு பள்ளத்துக்குப் போனோம். மண் அங்கே வேறு மாதிரி. கொத்தி இறங்கும்போதே சளக்கென்றது. எடுத்த கரணை வெளியே பார்க்க ஒரு குறையும் இல்லை. தோல் கெட்டி, மெழுகுப் பூச்சுகூட அங்கங்கே இருந்தது. இரண்டு கணு, இரண்டு பரு. பரு கறுக்கவில்லை, நசுங்கவில்லை, கடலைப் பருப்பு அளவில் பளபளப்பாக உட்கார்ந்திருந்தது. கணுவைச் சுற்றி வேர் கிளம்ப வேண்டிய புள்ளிகள் வெறும் புள்ளிகளாகவே இருந்தன. ஒரு வேர்கூட வெளியே வரவில்லை. நகத்தால் பருவைக் கீறினேன். உள்ளே வெளிர் மஞ்சள், ஈரம். உயிரோடுதான் இருக்கிறது. ஆனால் முளைக்கவில்லை.

பிளந்தேன். அப்போதுதான் வாசனை வந்தது. நன்றாகப் பழுத்த அன்னாசிப் பழத்தை வெட்டினால் வரும் வாசனை. பக்கத்தில் நின்ற வயல்காரரிடம் நீட்டினேன். முகர்ந்து பார்த்து, “ஆமா, பழ வாசன அடிக்குது” என்றார். அவருக்கு அது புதிதில்லை என்று முகத்தில் தெரிந்தது. கரணையின் இரண்டு வெட்டு வாயிலிருந்தும் செம்பழுப்பு நிறம் உள்நோக்கி ஓடியிருந்தது. கணு வந்த இடத்தில் அது தயங்கி நிற்கிறது. இரண்டு கணுவுக்கும் நடுவிலிருந்த சோறு இன்னும் வெள்ளையாகவே இருந்தது.

அழுகல் பருவைத் தொடவில்லை. தொடாமலே பரு நின்றுபோயிருக்கிறது. நான் வந்ததே இதைக் கண்ணால் பார்க்கத்தான்.

இது தெலாவியோப்சிஸ் என்ற பூசணம். மண்ணில் இருப்பது. தோல் வழியாக நுழையத் தெரியாது. வெட்டு வாய் கிடைத்தால் போதும். உள்ளே போய்ச் சர்க்கரையைத் தின்றுகொண்டே எத்தில் அசிடேட் என்ற பொருளை வெளிவிடுகிறது. நகப்பூச்சு அழிக்கும் திரவங்கள் பலவற்றில் இருப்பதும் அதே பொருள்தான். அன்னாசி மணம் அதனுடையது. ஜாவாவில் வென்ட் என்ற டச்சுக்காரர் 1893-இல் இந்த நோயை எழுதி வைத்தபோதே வாசனையைக் கவனித்திருக்கிறார். அன்னாசி நோய் என்றே அதற்குப் பேர் நிலைத்தது. ஆனால் வாசனை வெறும் அடையாளம் மட்டுமல்ல என்பது பிறகுதான் உறுதியானது. பூசணம் விடும் இந்த எத்தில் அசிடேட்டே கரும்புப் பரு முளைப்பதைத் தடுக்கிறது என்று 1969-இல் தைவான் ஆய்வாளர்கள் காட்டினார்கள். பூசண இழை வந்து பருவை அரிக்க வேண்டியதில்லை. அது விடுகிற நச்சு முன்னே போய்விடுகிறது. நட்ட கரணைக்கு முதல் சில வாரம் வெளியிலிருந்து சாப்பாடு கிடையாது. உள்ளே சேர்த்து வைத்த சர்க்கரையைக் கொண்டுதான் வேர் விட வேண்டும், குருத்து விட வேண்டும். அந்தச் சில வாரத்தை நச்சு தள்ளிப் போட்டுவிட்டால், அதற்குள் பூசணம் சர்க்கரையைத் தின்று முடித்துவிடுகிறது.

தின்று முடித்த கரணையும் கிடைத்தது. பள்ளத்தின் கடைக்கோடியில், வாய்க்கால் ஓரம். கையில் எடுக்கும்போதே கனமில்லை. பிளந்தால் உள்ளே சோறே கிடையாது. நார் மட்டும் கறுத்துத் தனித்தனியாகப் பிரிந்து கிடக்க, சுற்றிலும் கரித்தூள் மாதிரி கறுப்பு. விரலில் ஒட்டிக்கொண்டு கழுவியும் போகவில்லை. அந்தக் கறுப்பு அத்தனையும் பூசண வித்துகள். மண்ணில் ஒரு வருஷத்துக்கு மேல் தாக்குப்பிடிக்கக் கூடியவை. இதில் வாசனை துளியும் இல்லை. அன்னாசி வாசனை வந்தால்தான் இந்த நோய் என்று நினைத்துக்கொண்டு, ஒரு மாதம் கழித்து இப்படியொரு கரணையை முகர்ந்து பார்த்தவர் வேறு நோய் என்று போய்விடுவார். நிறையப் பேர் கரையான் என்று சொல்வது இந்தக் கரணையைப் பார்த்துத்தான் என்று எனக்குத் தோன்றுகிறது. கரையான் தின்றிருந்தால் உள்ளே மண் அடைத்து வைத்திருக்கும். இதில் மண் இல்லை.

அடுத்த வயல்காரர் ஒருவர் வரப்போரம் வந்து நின்றார். பிளந்த கரணையின் சிவப்பைப் பார்த்ததும் “செவ்வழுகல் சார் இது, சந்தேகமே வேண்டாம்” என்றார். பயப்படுவதற்கு அவருக்குக் காரணம் உண்டு. கோசி 671 என்று கடலூர் ஆராய்ச்சி நிலையம் கொடுத்த இரகம், சர்க்கரைச் சத்துக்காக எல்லோரும் விரும்பிப் போட்டது, செவ்வழுகலில் அடிபட்டுப் போனதை இந்தப் பக்கத்துப் பெரியவர்கள் யாரும் மறக்கவில்லை. அதனால் இன்னும் நாலைந்து கரணையைப் பிளந்து அவரிடமே காட்டினேன். செவ்வழுகலில் சிவப்புக்கு நடுவே குறுக்கு வாட்டில் வெள்ளைத் திட்டுகள் தெரியும். வாடையும் பழ வாடை இல்லை, புளித்த சாராய வாடை. இவற்றில் எதிலும் வெள்ளைத் திட்டு இல்லை. சிவப்பைப் பார்த்ததும் நோயின் பேரைச் சொல்லிவிட முடியாது. அந்தச் சிவப்பில் பெரும்பங்கு பூசணத்தின் நிறமே அல்ல, அடிபட்ட கரும்பு தற்காப்புக்குச் சுரக்கிற சாயம். அவர் ஒத்துக்கொள்ளவில்லை. “எதுக்கும் ஆபீஸர்ட்ட காட்டுங்க” என்று சொல்லிவிட்டுப் போனார். அதுவும் நல்ல யோசனைதான். கடலூர் செம்மண்டலத்தில் கரும்பு ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. ஒரு பையில் கரணைகளைப் போட்டு எடுத்துப் போக அரை நாள் ஆகாது.

மேட்டுக்கும் பள்ளத்துக்கும் ஏன் இத்தனை வித்தியாசம்? ஈரம் ஒரு காரணம். தண்ணீர் நிற்கிற மண்ணில் காற்று புகாது. பருவும் மெதுவாகத்தான் கிளம்பும். மார்கழிக் குளிர் அதை இன்னும் மெதுவாக்கும். அது தாமதிக்கத் தாமதிக்கப் பூசணத்துக்கு வசதி. ஆனால் ஈரம் மட்டும்தானா என்று வயல்காரரைக் குடைந்தேன். மேட்டில் போட்டது வெட்டிய அன்றே நட்டது என்றார். மதியத்துக்கு மேல் மழை பிடித்துக்கொண்டது. மீதியைப் படுதா போட்டு மூடி வைத்து, மழை விட்டபின் பள்ளத்தில் நட்டிருக்கிறார்.

“எத்தன நாள் மூடி வச்சிருந்தீங்க?”

“ரெண்டு நாள் இருக்கும்.”

களை பறித்துக்கொண்டிருந்த அம்மா ஒருவர் நிமிர்ந்து பார்த்தார். “எங்க ரெண்டு நாளு? ஒரு வாரம் படுதாவுலதான் கெடந்துது. எடுக்க சொல்லோ கை சுட்டுது.” வயல்காரர் ஒன்றும் சொல்லவில்லை.

மருந்தில் நனைத்தீர்களா என்று கேட்டேன். எல்லாவற்றையும் நனைத்துத்தான் போட்டோம் என்றார். மோட்டார் கொட்டகைக்குத் தண்ணீர் குடிக்கப் போனபோது, கூரைச் சந்தில் கார்பென்டாசிம் பொட்டலம் ஒன்று செருகியிருந்தது. 100 கிராம் பொட்டலம், வாய் கிழித்து, ரப்பர் பேண்டு போட்டுச் சுற்றியது. கையில் எடுத்துப் பார்த்தேன். பாதிக்கு மேல் இருந்தது. 100 லிட்டர் தண்ணீருக்கு 50 கிராம் கார்பென்டாசிம், யூரியா ஒரு கிலோ, சுண்ணாம்பு ஒரு கிலோ, அதில் கரணை கால் மணி நேரம் ஊற வேண்டும். ஒரு ஏக்கர் கரணைக்கு 250 லிட்டர் கரைசல், அதாவது 125 கிராம் மருந்து. இவர் வயல் ஒரு ஏக்கருக்கும் மேலே. பொட்டலத்தில் இருந்து போயிருப்பது 50 கிராம்கூட இருக்காது. “மொத நாளு நனச்சோம். அப்பறம் மழ வந்துடுச்சி, அவசரத்துல போட்டுட்டோம்” என்றார். உரக்கடையில் அந்தப் பொட்டலம் 110 ரூபாய். விதைக் கரும்புக்கு அவர் கொடுத்தது பத்தாயிரத்துக்கு மேல்.

வரப்பில் ஏழெட்டுத் தென்னை. அதில் ஒன்றின் அடிமரத்தில் செம்பழுப்புச் சாறு வடிந்து காய்ந்து கறை கட்டியிருந்தது. சாறு வடிதல் நோய். அதையும் உண்டாக்குவது தெலாவியோப்சிஸ் பூசணம்தான். அந்தத் தென்னையிலிருந்துதான் இந்த வயலுக்கு வந்ததா என்பதெல்லாம் பார்வையில் தெரிகிற சங்கதி அல்ல. சும்மா குறித்துக்கொண்டேன்.

திரும்பும் வழியில் இன்னொரு வயலில் கரணை வெட்டிக்கொண்டிருந்தார்கள். நின்று பார்த்தேன். ஆண்கள் இரண்டு பேர் கட்டையில் வைத்து அரிவாளால் வெட்ட, பெண்கள் நாலு பேர் தோகை உரித்துக் கொடுத்தும் கூடையில் அள்ளியும் வேலை ஓடியது. கூலி ஆணுக்கு 700, பெண்ணுக்கு 350. ஒருவர் வெட்டு ஒரே போடில் சுத்தமாக விழுந்தது. இன்னொருவர் அரிவாள் மழுங்கல். நாலைந்து கரணைக்கு ஒன்று நுனி பிளந்துகொண்டது. பிளந்த கரணையை யாரும் ஒதுக்கவில்லை. ஒரு பிளவு, பூசணத்துக்குக் கணுவைத் தாண்டி நேர்வழி. கணு என்கிற தடுப்பு இல்லாமல் போகிறது.

பக்கத்தில் நீல நிற டிரம் ஒன்றைப் பாதியாக அறுத்துத் தொட்டியாக வைத்திருந்தார்கள். கரைசல் சேறாகிக் காப்பி நிறத்துக்கு வந்துவிட்டது. ஒரு அக்கா பிளாஸ்டிக் கூடையோடு கரணையை முக்கினார், எடுத்தார், வரப்பில் கொட்டினார். ஒரு வெற்றிலையை மடித்து வாயில் போடும் நேரம்கூட ஆகவில்லை. கைக்கு உறையும் இல்லை. “கால் மணி நேரம் ஊறணுமாமே அக்கா?” என்று கேட்டேன். “ஊற வச்சா சாயங்காலம் யாரு நடறது தம்பி?” என்றார். நியாயமான கேள்வி. இரண்டு டிரம் இருந்தால், ஒன்று ஊறும்போது இன்னொன்றை எடுக்கலாம். ஆனால் அங்கே இருந்தது ஒன்று.

மரத்தடியில் மறுநாளைக்கென்று வெட்டிய குவியல், மேலே படுதா. கேட்டுக்கொண்டு ஓரத்தைத் தூக்கிக் கையை விட்டேன். நடுவில் வெதுவெதுப்பு. நாற்றம் இல்லை, பச்சைக் கரும்பு மணம்தான். இந்தப் பூசணம் நன்றாக வளர்வது 28 டிகிரி சொச்சத்தில். படுதாவுக்குள் அதற்கு ஒரு குறையும் வராது. மறுநாளே நட்டுவிட்டால் பரவாயில்லை. மழை வந்தால் இங்கேயும் அந்தப் பள்ளத்துக் கதைதான்.

பள்ளத்து வயல்காரர் என்னோடு கூடவே வந்தார். முளைக்காத இடங்களில் பாடுவாசி நிரப்ப நாற்று வாங்கலாமா என்று பார்க்க, சாலையோரம் இருந்த நிழல்வலைக் கூடத்துக்குப் போனோம். இங்கே கரணை இல்லை. பருவை மட்டும் சீவி எடுத்து, 50 குழித் தட்டில் தென்னை நார்க் கழிவை நிரப்பி வைக்கிறார்கள். நாற்று ஒன்று இரண்டரை ரூபாய். எனக்குக் கொஞ்சம் வியப்பாகத்தான் இருந்தது. ஒரு கொட்டைப்பாக்கு அளவு சதை, அதில் சுற்றிலும் வெட்டு வாய். பூசணத்துக்கு இதைவிட வசதி வேண்டுமா? கூடம் நடத்தும் இளைஞர் சிரித்தார். “அதான் சார் ஊற வைக்கிறதுக்கு செல்லுல அலாரம் வச்சிருக்கேன்.” காட்டவும் செய்தார்: 15 நிமிடம். தட்டுகளை ஒன்றன் மேல் ஒன்றாக அடுக்கிக் கறுப்புப் பாலித்தீன் சுற்றி வைத்திருந்தார்கள். ஓர் அடுக்கைப் பிரித்தபோது முளை வெள்ளையாக எட்டிப் பார்த்தது. ஒரு தட்டில் 50-க்கு 43 வந்திருந்தது. வராத ஏழில் இரண்டை நோண்டி எடுத்தேன். ஒன்று அரிவாள் பட்டு நசுங்கிய பரு. இன்னொன்றில், மூக்கருகே கொண்டுபோனால் லேசாக அதே வாசனை. இவருக்கு நஷ்டம் ஒரு குழி. வயலில் அதே நஷ்டம் சால் சாலாக.

இங்கே வாங்குகிற நாற்றுக்கு இன்னொரு சௌகரியம் உண்டு. அது முளைக்கும் கட்டத்தைத் தாண்டி, தன் வேரில் நிற்கிறது. தாய்ச் சதையின் சர்க்கரையை நம்பியில்லை. பள்ளத்து மண்ணில் வித்துகள் கிடந்தாலும், முளைப்பை நிறுத்துகிற அந்த நச்சுக்கு இதனிடம் வேலை குறைவு. ஆனால் தண்ணீர் நின்றால் நாற்றும் தாங்காது. வடிகால் எடுத்தாக வேண்டும் என்றேன். “எடுத்துடலாம் சார்” என்றார். ஜேசிபி மணிக்கு 1,300 கேட்கிறார்களாம். அந்த வாய்க்கால் நீளத்துக்கு மண்வெட்டியோடு ஒரு ஆள் ஒரு நாள் போதும் என்று எனக்குப் பட்டது.

கணக்குப் போட்டோம். மூன்றடிச் சாலில் இரண்டடிக்கு ஒரு நாற்று வைத்தால் 45 சென்ட்டுக்கு 3,200 சொச்சம். எட்டாயிரம் ரூபாய். வண்டி வாடகை தனி. வயல்காரர் நாற்றுக்கு இரண்டே கால் ரூபாய் என்று ஆரம்பித்தார். இளைஞர் தலையாட்டவில்லை. பேருந்து வரும் சத்தம் கேட்டு நான் கிளம்பும்போது விலை இரண்டு ரூபாய் நாற்பது காசில் நின்றது. வடிகாலுக்கு வயல்காரர் இன்னும் ஆள் சொல்லியிருக்கவில்லை.